வயலே வகுப்பறை

காலை ஏழு மணி. ஜாவாத் தீவில் ஒரு நெல்வயல். இருபத்தைந்து உழவர்கள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, வரப்பிலிருந்து சேற்றில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு குழுவிடமும் சில நெகிழிப் பைகள், ஒரு குறிப்பேடு, ஓர் அளவுகோல் இருக்கின்றன. அவர்கள் நெற்பயிரின் தூர்களை விரித்துப் பார்க்கிறார்கள். எத்தனை தூர்கள் என்று எண்ணுகிறார்கள். பயிரின் உயரத்தை அளக்கிறார்கள். தண்டில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பிடித்துப் பையில் போடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் பழுப்பு நிறப் பூச்சி ஒன்றைப் பயிற்றுநரிடம் காட்டி, "ஐயா, இது என்ன பூச்சி?" என்று கேட்கிறார்.

பயிற்றுநருக்கு அதன் பெயர் தெரியும். ஆனால், அவர் அதைச் சொல்வதில்லை. "எங்கே பிடித்தீர்கள்? இலையிலா, தண்டிலா? அங்கே அது என்ன செய்துகொண்டிருந்தது? அதன் பக்கத்தில் வேறு என்ன இருந்தது?" என்று திருப்பிக் கேட்கிறார். விடையை எதிர்பார்த்து வந்தவருக்கு இது சற்று எரிச்சலாகத்தான் இருக்கும். ஆயினும், அவர் மறுபடியும் அந்தத் தூரை நோக்கிக் குனிகிறார்.

இதற்கு 'உழவர் வயல்வெளிப் பள்ளி' என்று பெயர். இந்தோனேசியாவில் 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பள்ளிக்குக் கட்டணம் இல்லை, கட்டடமும் இல்லை. நடவு முதல் அறுவடை வரை வாரத்திற்கு ஒருநாள் காலையில் வகுப்பு நடக்கும். இங்குப் பயிற்றுநரை 'பெமாண்டு' என்பார்கள். மலேசியாவில் அச்சொல் வாகன ஓட்டுநரைக் குறிக்கும். இந்தோனேசியாவில் வழிகாட்டி என்று பொருள்படும். வண்டியை ஓட்டும் பொறுப்பை உழவரிடமே விட்டுவிட்டு, பக்கத்தில் அமர்ந்து வழியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர் என்று வேண்டுமானால் இந்தப் பெமாண்டுவைச் சொல்லலாம்.

இப்படி ஒரு பள்ளி ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ஆம் ஆண்டு ஐஆர் 8 என்னும் குட்டை நெல் இரகத்தை வெளியிட்டது. அதுவும் அதன்பின் வந்த இரகங்களும் ஆசிய நாடுகளில் விளைச்சலைப் பெருக்கின. இந்தோனேசிய அரசு உழவர்களுக்கு விதை, உரம், பூச்சிக்கொல்லி மூன்றையும் ஒரே தொகுப்பாக வழங்கியது. பூச்சிக்கொல்லியின் விலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. மருந்து ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்ததால், பூச்சி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், நாட்காட்டியைப் பார்த்துத் தெளிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

அப்போதுதான் புகையான் பெருகியது. இது மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். தாக்கப்பட்ட பயிர், பெயருக்கேற்ப, புகையில் கருகியதுபோல் வட்டம் வட்டமாகக் காய்ந்து சாயும். ஒரு வாரத்திற்கு முன் பச்சைப்பசேல் என்றிருந்த வயல், வைக்கோல் நிறத்தில் கிடக்கும். 1977ஆம் ஆண்டில் மட்டும் இந்தோனேசியாவில் ஒரு மில்லியன் டன்னுக்கும் அதிகமான அரிசி இவ்வாறு அழிந்தது. பின்னர்ப் புகையானைத் தாங்கும் புதிய நெல் இரகங்கள் வந்தன. 1984ஆம் ஆண்டு அந்நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. ஆனால், இரண்டே ஆண்டுகளில் ஜாவாவில் புகையான் மீண்டும் பெருகியது.

மருந்து மிகுதியாகத் தெளிக்கப்பட்ட வயல்களிலேயே புகையான் மிகுதியாக இருந்தது. இது புதிராகத் தோன்றினாலும் இதற்கான காரணம் எளிது. பிலிப்பீன்சில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோர் என்னும் அமெரிக்கப் பூச்சியியலாளர் அதனை 1970களிலேயே ஆராய்ந்திருந்தார். நெல்வயலில் புகையானை உண்டு வாழும் உயிர்கள் பல உள்ளன. அவற்றுள் முக்கியமானது ஓநாய்ச் சிலந்தி. அது வலை பின்னுவதில்லை. தூருக்குத் தூர் ஓடி வேட்டையாடும். ஒரு நாளில் ஐந்து முதல் பதினைந்து பூச்சிகள் வரை அது தின்னும். பூச்சிக்கொல்லியைத் தெளித்தால் புகையானும் சாகும், சிலந்தியும் சாகும். ஆனால், புகையானின் முட்டைகள் நெல்லின் தண்டைச் சுற்றியுள்ள இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். சில நாட்களில் அவை பொரித்து வெளிவரும்போது தின்பதற்குப் பயிர் இருக்கும். தங்களைத் தின்பதற்கு எவரும் இருக்கமாட்டார்கள். உழவர் மீண்டும் மருந்து தெளிப்பார். நிலைமை மேலும் மோசமாகும்.

இந்த உண்மையை அறிவியலாளர்கள் அரசிடம் எடுத்துரைத்தனர். அதிபர் சுகார்த்தோ 1986ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்த அது தடை விதித்தது. மருந்துக்கான உதவித்தொகையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முற்றாக நிறுத்தப்பட்டது. மருந்து குறைந்தால் விளைச்சலும் குறையும் என்று பலர் அஞ்சினர். அவ்வாறு நடக்கவில்லை.

ஆயினும், ஆணை போட்டுவிட்டால் போதுமா? இருபது ஆண்டுகளாகத் 'தெளியுங்கள், தெளியுங்கள்' என்று கேட்டுவந்த உழவரிடம் திடீரென்று 'தெளிக்காதீர்கள்' என்றால் அவர் எப்படி நம்புவார்? சொன்ன வாய் ஒன்றுதானே! நேற்றைய அறிவுரையும் இன்றைய அறிவுரையும் அவருக்கு ஒன்றுபோலவே மேலிடத்திலிருந்து வந்தவை. ஆகவே, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு இந்தோனேசியா வேறு வழியைத் தேடியது. உழவர்கள் தாங்களே பார்த்து, எண்ணி, முடிவு செய்யட்டும் என்பதே அந்த வழி.

இலவசமாகக் கிடைக்கும் வேளாண் அறிவு அதற்குமுன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வானொலி நிகழ்ச்சிகள், துண்டு வெளியீடுகள், கையேடுகள் எனப் பல இருந்தன. அவற்றுள் சில மிகச் சிறந்தவை. அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பெனிட்டோ வெர்காரா என்னும் பிலிப்பீன்ஸ் அறிவியலாளர் 1979ஆம் ஆண்டு எழுதிய நெல் சாகுபடிக் கையேடு அத்தகையது. 'என்ன செய்ய வேண்டும்' என்பதோடு நில்லாமல், 'ஏன் செய்ய வேண்டும்' என்பதையும் எளிய கோட்டோவியங்களால் அந்நூல் விளக்கியது. எழுத்தில்லாத ஓவியப் பக்கங்களை அந்நிலையமே கொடுத்து உதவியதால், அவரவர் மொழியில் விளக்கத்தைச் சேர்த்து அச்சிட முடிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்நூல் வெளிவந்தது. எனினும், நூல் என்பது எல்லா வயல்களுக்கும் பொதுவானது. இன்று காலை என் வயலில் எத்தனை சிலந்திகள் இருக்கின்றன என்பதை எந்த நூலும் சொல்லாது.

வயல்வெளிப் பள்ளி அந்த இடத்திலிருந்துதான் தன் பாடத்தைத் தொடங்கியது. முதல்நாள் ஒரு தேர்வு உண்டு. உழவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால், அத்தேர்வு வாக்களிப்பைப்போல் அமைந்திருந்தது. வயலோரத்தில் ஆங்காங்கே பலகைகள் நிற்கும். ஒவ்வொரு பலகையிலும் ஒரு கேள்வியும் அதற்கேற்ற உண்மையான செடியோ பூச்சியோ இருக்கும். 'இவற்றுள் எது பயிருக்கு நண்பன்?' என்பதுபோன்ற கேள்விக்கு மூன்று விடைகள், மூன்று பெட்டிகள். உழவர் தம் சீட்டைச் சரியென்று தோன்றும் பெட்டியில் போடுவார். பயிற்சியின் முடிவிலும் அதே முறையில் தேர்வு நடக்கும்.

ஒவ்வொரு வாரமும் வயலைப் பார்த்துவிட்டு வந்தபின், குழுவினர் மரநிழலில் அமர்ந்து பெரிய தாளில் வண்ணக் கோலால் படம் வரைவார்கள். நடுவில் அன்றைய நெற்பயிர், அன்று எண்ணிய அத்தனை தூர்களோடு. ஒருபுறம் பயிரைத் தின்னும் பூச்சிகள்; மறுபுறம் அப்பூச்சிகளைத் தின்னும் உயிர்கள். மேலே வெயிலோ மேகமோ. கீழே நீரின் அளவு. பிறகு, குழுவில் ஒருவர் எழுந்து, "இந்த வாரம் என்ன செய்யலாம்?" என்பதற்குத் தங்கள் முடிவைக் கூறுவார். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். நாற்பது வயதில் வண்ணக் கோலைப் பிடிக்க முதலில் கூச்சம் இருக்கும். ஆனால், ஒரு பூச்சியின் கால்களை எண்ணிப் பார்த்து வரைந்தவர் அதனை மறப்பதில்லை.

சோதனைகளும் உண்டு. 'பூச்சிக் காட்சிசாலை' என்பது அவற்றுள் ஒன்று. நெற்பயிரை ஒரு வாளியில் நட்டு, வலைத்துணியால் மூடி, உள்ளே சில புகையான்களையும் ஒரு சிலந்தியையும் விட்டுவிடுவார்கள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். மற்றொரு சோதனை உழவரின் பொறுமையைச் சோதிப்பது. இளம்பயிரின் இலைகளில் கால் பங்கை, மற்றொரு பாத்தியில் பாதியை, கத்தரிக்கோலால் அவர்களே வெட்ட வேண்டும். வளர்த்த பயிரை வெட்டுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால், இளம் பருவத்தில் இலையை இழந்த பயிர் புதிய இலைகளை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். அறுவடையின்போது பெரிய வேறுபாடு இருக்காது. இலையில் ஓட்டையைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடும் பழக்கத்தை நூறு சொற்பொழிவுகளைவிட இந்த ஒரு பாத்தி விரைவில் மாற்றிவிடும்.

மருந்தைக் குறைப்பது பணத்தைச் சேமிப்பதற்காக மட்டும் இல்லை. தெளிப்பவரின் உடல்நலமும் அதில் அடங்கியிருக்கிறது. ஜாவா உழவர்களிடையே நடத்தப்பட்டு 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று, ஏறத்தாழ ஐந்து முறை தெளித்தால் ஒரு முறையாவது நச்சுக்கான அறிகுறிகள் தென்பட்டதைக் காட்டியது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கை நடுக்கம் முதலியவை அந்த அறிகுறிகள். வெயிலில் உழைத்துவிட்டு வருபவர் இவற்றை உழைப்பின் களைப்பு என்றே எண்ணிக்கொள்வார்.

நஞ்சு வாய்வழியே மட்டும் உடலுக்குள் செல்லும் என்று பலர் நினைக்கின்றனர். நெல்லுக்குத் தெளிக்கப்பட்ட பல மருந்துகள் தோல் வழியாகவும் எளிதில் ஊடுருவக் கூடியவை. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். எனவே, வயல்வெளிப் பள்ளிகளில் ஒரு செயல்முறை உண்டு. தெளிப்பானில் மருந்துக்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் கலந்த நீரை நிரப்புவார்கள். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்த ஒருவர், வழக்கம்போல் தெளித்துக்கொண்டே வயலில் நடந்து வருவார். கரையேறும்போது அவருடைய முழங்காலுக்குக் கீழே துணி சிவந்திருக்கும். தெளிப்பான் கசியுமானால் முதுகும் சிவந்திருக்கும். மூக்கைத் துடைத்த கையின் அடையாளம் முகத்திலும் தெரியும். அங்கே விளக்கம் தேவைப்படாது.

முகமூடி, கையுறை, நீண்ட காலணி, தடித்த மேலாடை ஆகியவற்றை அணியும்படி மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருக்கும். வெப்ப மண்டலத்தின் நண்பகலில், சேற்று வயலில், இருபது கிலோகிராம் சுமையோடு அவற்றை அணிந்து நடப்பது எளிதன்று. அதனால், தேவையின்றித் தெளிக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு என்று இப்பள்ளிகள் கற்பித்தன. தெளித்தே ஆக வேண்டும் என்றால், காற்றின் திசையறிந்து தெளிப்பது, மருந்துக் கலவையை வெறுங்கையால் கலக்காமல் இருப்பது, உடனே குளித்து உடையைத் தனியே துவைப்பது, காலிப் புட்டிகளை வீட்டுப் பயன்பாட்டுக்கு எடுக்காமல் இருப்பது போன்றவை அடுத்து வந்தன.

பத்தாண்டுகளில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட இந்தோனேசிய உழவர்கள் இப்பள்ளிகளில் பயின்றனர். பெரிய எண்ணிக்கைதான். ஆனால், அந்நாட்டின் உழவர்கள் பல மில்லியன் பேர். ஒரு பள்ளியில் இருபத்தைந்து பேருக்குமேல் சேர்க்க இயலாது. ஒவ்வொரு வாரமும் பயிற்றுநர் வர வேண்டும். உழவருக்கு இலவசமாக இருந்தாலும் நடத்துபவருக்குச் செலவு உண்டு. படித்தவர் அண்டை வயல்காரருக்குச் சொல்லித்தருவார் என்று எதிர்பார்த்தனர். உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வோ, அந்த அறிவு அண்டை வயலுக்கு அதிகம் பரவவில்லை என்று கூறியது. இதில் வியப்பில்லை. 'சிலந்தி நல்லது' என்ற செய்தியை வேலிக்கு மேலாகச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு வாரங்கள் குனிந்து பார்த்ததனால் வந்த துணிவை அவ்வாறு கைமாற்றிவிட முடியாது.

இச்சிக்கலுக்கு வியட்னாமில் வேறொரு விடை கிடைத்தது. மலேசியாவைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ஹியோங் கோங் லுவென், அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். மேக்கோங் வடிநில உழவர்கள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அஞ்சியே பயிரின் இளம் பருவத்தில் மருந்து தெளிக்கிறார்கள் என்பதை அவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். அப்புழு இலையைச் சுருட்டிச் சுரண்டுவது கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும்; விளைச்சலுக்கு அதனால் வரும் இழப்போ மிகக் குறைவு. எனவே, 'விதைத்த முதல் நாற்பது நாட்கள் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம்' என்னும் ஒரே ஒரு செய்தியை அவர்கள் எடுத்துக்கொண்டனர். 1994ஆம் ஆண்டு லோங் ஆன் மாநிலத்தில் சுவரொட்டி, துண்டு வெளியீடு, சிறு வானொலி நாடகம் ஆகியவற்றின்வழி அதனைப் பரப்பினர். அங்கேயும் 'நம்புங்கள்' என்று கேட்கவில்லை. 'உங்கள் வயலில் ஒரு சிறு பகுதியைத் தெளிக்காமல் விட்டுப் பாருங்கள். அறுவடையில் ஒப்பிட்டுப் பாருங்கள்' என்றே கேட்டனர். வயலோரக் குடிசையில் வானொலிப்பெட்டி இருந்தால் போதும். வகுப்புக்கு வரத் தேவையில்லை. தெளிக்கும் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆழம் வேண்டுமென்றால் பள்ளி, பரப்பு வேண்டுமென்றால் வானொலி. இரண்டும் சேர்ந்து கிடைத்த ஊர்கள் கொடுத்துவைத்தவை.

வயல்வெளிப் பள்ளி நெல்லோடு நின்றுவிடவில்லை. கென்யாவில் 2001ஆம் ஆண்டுவாக்கில் கறவைமாடு வளர்ப்போருக்காக அது மாற்றியமைக்கப்பட்டது. தாளின் நடுவில் நெற்பயிர் இருந்த இடத்தில் இப்போது பசு. அதன் எடை, சாணத்தின் தன்மை, மடியின் நிலை, உண்ணிகளின் எண்ணிக்கை, கொடுத்த தீவனம், கறந்த பால் என எல்லாம் சுற்றிலும் எழுதப்படும். ஆனால், ஒரு சங்கடம் இருந்தது. நெற்பயிரின் இலையை வெட்டிப் பார்க்கலாம்; ஒரு குடும்பத்தின் ஒரே பசுவை வைத்துச் சோதனை செய்ய எவர் ஒப்புவார்? ஆகவே, பசுவுக்குத் தீங்கு நேராத சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுத்தனர். குடிநீரைக் கூடுதலாக வைத்தால், அல்லது பயறுவகைத் தழையைத் தீவனத்தில் சேர்த்தால், சில வாரங்களில் பால் எத்தனை குவளை கூடுகிறது என்று அளந்து பார்த்தனர்.

இந்தோனேசியாவின் கதை வெற்றியோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. திட்டத்திற்கான நிதி குறைந்தது. பள்ளியில் பயின்ற உழவர்கள் முதுமையடைந்தனர். சந்தையில் புதுப்புதுப் பூச்சிக்கொல்லிகள் குவிந்தன. வயல்வெளிப் பள்ளியின் பயிற்றுநர் வருவது நின்றுபோன ஊர்களுக்கும் மருந்து விற்பனையாளர் வருவது நிற்கவில்லை. அவரும் ஒருவகையில் இலவசமாகத்தான் பாடம் சொல்கிறார். தொப்பியும் சட்டையும்கூடக் கொடுக்கிறார். 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஜாவாவின் பல மாவட்டங்களில் வயல்கள் மீண்டும் வட்டம் வட்டமாகக் கருகின. பழைய பாடத்தைப் புதிய தலைமுறை முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் மேற்கு ஜாவாவின் கடலோர மாவட்டமான இந்திரமாயுவில் மற்றொரு முயற்சி வேரூன்றியது. இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் யுனித்தா வினார்த்தோவும் காலநிலை அறிஞர் கீஸ் ஸ்டிக்டரும் உழவர்களோடு சேர்ந்து அதனைத் தொடங்கினர். அதன் பெயரிலேயே 'வாருங்' இருக்கிறது. சாலையோரத்தில் காப்பியும் பலகாரமும் விற்கும் சிறு கடைதான் வாருங். இந்தக் கடையில் பரிமாறப்படுவது அறிவியல். மாதம் ஒருமுறை உழவர்கள் கூடி, வரப்போகும் பருவத்தின் மழை எப்படி இருக்கலாம் என்பதை அறிவியலாளர்களிடம் கேட்டறிகிறார்கள். அறிவியலாளர்களோ உழவர்களின் கணக்கைக் கேட்கிறார்கள். ஏனெனில், அங்கு ஒவ்வோர் உழவரும் தம் வயலில் ஒரு மழைமானியை நட்டு வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் வரப்பு வழியே நடந்துபோய், முதல்நாள் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கிறார். பயிரின் நிலையையும் கண்ணில் பட்ட பூச்சிகளையும் அதனோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். மழை பெய்யாத நாளிலும் அந்தக் கட்டம் வெறுமையாக விடப்படுவதில்லை. அங்கே '0' என்று எழுதப்படுகிறது.